துவாய் கட்டிய தலையும் தேய்ந்த முழங்காலும்

1

மூன்று மாதங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு பிறந்தநாள் கொண்டாடினோம். பிறந்தநாள் எனக்கும் இல்லை, என் மனைவி செல்விக்கும் இல்லை, மகள் மீராவுக்கும் இல்லை. என் வலது முழங்காலுக்கு. அது ஆபரேசன் வரிசையில் சேர்ந்து அன்றோடு ஒரு வருடம் நிறைந்திருந்தது.

செல்வி ரவா கேசரி கிண்டினாள். மீரா கேசரியின் நடுவில் ஒற்றை மெழுகுதிரியைச் செருகி, என் காலைத் தூக்கி முக்காலியில் வைத்து, இங்கிலீசில் பிறந்தநாள் பாட்டுப் பாடினாள். முழங்காலுக்கு ஊதத் தெரியாததால் திரியை நான் ஊதினேன். கேசரியையும் அதன் சார்பில் நானே தின்றேன்.

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, கொழும்பில் கடையில் நின்று, எப்படியோ இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவன் நான். இங்கே பாண், அதாவது ரொட்டி, செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பாண் பக்கெட்டுகளை அடுக்குகிறேன். ஊரில் ஏறி இறங்கிய மலைகளெல்லாம் ஒன்றும் செய்யாத முழங்காலை, இந்தச் சமதரையில் நின்றே தேய்த்துவிட்டேன்.

இந்த நாட்டில் வைத்தியம் அரசாங்கத்துடையது. டாக்டரைப் பார்க்கக் காசில்லை, ஆபரேசனுக்குக் காசில்லை, ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தால் சாப்பாட்டுக்கும் காசில்லை. வரிசை மட்டும் உண்டு. தொலைக்காட்சியில் கோட்டுப் போட்ட இரண்டு பேர் இதைப் பற்றி அடிக்கடி சண்டை போடுவார்கள். அரசாங்கம் இன்னும் செய்ய வேண்டும் என்பார் ஒருவர். அரசாங்கம் விலகினால்தான் உருப்படும் என்பார் மற்றவர். வாதம் முடிந்ததும் இருவரும் டக்கென்று எழுந்து கைகொடுத்துப் போய்விடுவார்கள். அவர்கள் எழும் வேகத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

கேசரி தின்றுகொண்டிருந்தபோதுதான் ஊரிலிருந்து போன் வந்தது. அக்காவின் கணவர், சிவலிங்கம் மச்சான். தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். தோட்டத்து மேனேஜர்களாக வந்த நான்கு துரைமாரை எதிர்த்து நின்றவர். அவருடைய குரல் ஏனோ தாழ்ந்திருந்தது.

"மாப்புள, நம்ம டிஸ்பென்சரியைக் கவர்மெண்ட் எடுக்கப் போகுதாம். கம்பெனி கையைக் கழுவுது. நான் எடுக்கட்டும்ங்கிறேன். ஒங்க அக்கா கூடவே கூடாதுங்கிறா. லயத்துல பாதிப் பேரை அவ பக்கம் சேத்துட்டா. எனக்கு நாலு நாளா ஒரு பிளேன்டீ கெடையாது."

"அக்காவுக்கு இதுல என்ன கோவம் மச்சான்?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னார். "அவளுக்குக் கால்ல சுகர் புண்ணு மாப்புள. பாதத்துல. யாருக்கும் காட்ட மாட்டேங்கிறா. மேல் லயத்து முனியம்மா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயி ரெண்டு வெரல் இல்லாம வந்தா பாருங்க, அதுலேர்ந்து கவர்மெண்ட்னாலே இவளுக்குக் கத்திதான் ஞாபகம் வருது."

கேசரித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

2

எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றவை எதுவும் விளங்காது.

இலங்கையிலும் அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நாங்கள் பிறந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து அந்த இலங்கை கொஞ்சம் தூரம். எங்களுக்கு வருத்தம், அதாவது நோய், வந்தால் தோட்டத்து டிஸ்பென்சரிதான். பச்சை வர்ணம் பூசிய இரண்டு அறை. மருந்துத் தண்ணிக்குப் போத்தலை நாமே கொண்டுபோக வேண்டும். உள்ளே இருப்பவர் டிஸ்பென்சர் ஐயா. அவருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்டம்.

காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது வேலைக்கு நிற்க முடியாதவன் டிஸ்பென்சரிக்குப் போய், ‘இவனுக்கு வருத்தம் உண்மைதான்’ என்று ஐயா எழுதித் தரும் துண்டுச் சீட்டை வாங்கி வர வேண்டும். துண்டு இல்லாவிட்டால் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். துண்டு அதிகமாகப் போனால் துரை டிஸ்பென்சர் ஐயாவைக் கூப்பிட்டு, "என்ன, தோட்டம் முழுக்கச் சாகக் கிடக்குதா?" என்று கேட்பார். வருத்தம் என்று சொல்ல வேண்டியவரும் வேலைக்கு வா என்று விரட்டுகிறவரும் ஒரே இடத்தில் சம்பளம் வாங்கினார்கள். அதனால் டிஸ்பென்சர் ஐயா பாதி வைத்தியர், பாதி காவல்காரர்.

இதைச் சமாளிக்க எங்கள் ஆட்கள் கண்டுபிடித்ததுதான் தலை துவட்டுகிற துவாய்.

டிஸ்பென்சரிக்குப் போகிறவர் தலையைச் சுற்றி, காதை மூடி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுத் துவாய் கட்டியிருக்க வேண்டும். மேலே கம்பளிச் சட்டை. அதுதான் நோயாளியின் உடுப்பு. வருத்தம் எங்கே என்பது இரண்டாவது விசயம். அப்பாவுக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டுக் காலில் ரத்தம் ஒழுகிய அன்றும் அம்மா முதலில் தேடியது துவாயைத்தான். துவாய் இல்லாமல் போனால், "நல்லாத்தானே இருக்க, மலைக்குப் போ" என்று ஐயா சொல்லிவிடுவார் என்று அம்மா பயந்தார். கால் வெட்டுக்கு அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்தான். ஆனால் யார் பரீட்சை பண்ணிப் பார்ப்பது?

அதில் ஒரு நுட்பமும் இருந்தது. துவாயை முதலில் அடுப்புக்கு மேலே பிடித்துச் சூடாக்கிக் கட்டுவார்கள். டிஸ்பென்சரி போய்ச் சேரும்வரை நெற்றி கணகணவென்று இருக்கும். ஐயா தொட்டுப் பார்த்து "ம்" என்பார். அந்த "ம்" கிடைத்துவிட்டால் துண்டு கிடைத்த மாதிரி. இப்போது யோசித்தால் ஐயாவுக்கு அடுப்பு விசயம் தெரிந்தே இருந்திருக்கும். அவர் வீட்டிலும் அடுப்பு இருந்ததுதானே.

இன்னொரு பழக்கம், ஐயா கேட்பதற்கு மறுத்துப் பேசக் கூடாது. "தலையிடியா?" என்றால் "ஆமாங்க ஐயா." "நேத்துலேர்ந்தா?" என்றால் "ஆமாங்க ஐயா." இல்லையென்று சொன்னால் பொய்க்காரனாகிவிடுவோம்.

அதற்காகத் தோட்டத்தை ஒரேயடியாகத் திட்டவும் என்னால் முடியாது. அக்காவுக்கு இடுப்பு வலி வந்தபோது கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தது தோட்டத்து லொறிதான். மூத்தவன் ராகலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்முன் லொறியிலேயே பிறந்தான். டிரைவர் பெயரையே அவனுக்கு வைத்தார்கள். அந்த லொறியைத்தான் அக்கா இன்னும் மறக்கவில்லை.

3

அந்தத் துவாய் என்னோடு கப்பலேறி, மன்னிக்கவும், விமானமேறி இங்கிலாந்துக்கும் வந்தது.

பாண் தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் எனக்குக் காய்ச்சல். மேற்பார்வையாளரிடம் போன் பண்ணிச் சொன்னேன். "சரி, வீட்டில் இரு. திரும்பி வந்ததும் உனக்கு வருத்தம் என்று நீயே எழுதிக் கொடு" என்றார். எனக்கு வருத்தம் என்று நானே எழுதுவதா? அப்படியானால் தோட்டத்தில் ஒருத்தரும் பெரட்டுக்கு வந்திருக்க மாட்டார்களே. இதில் ஏதோ பொறி இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். இரண்டு பஸ் மாறி, துவாயைக் கட்டிக்கொண்டு, காய்ச்சலோடு தொழிற்சாலைக்குப் போய் அவர் முன்னால் நின்றேன். மனுசன் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தார். "ஏன் வந்தாய்?" என்றார். "காட்டுவதற்கு" என்றேன்.

நான் சொன்னதை என் முகத்தைப் பார்க்காமலே நம்பிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்தது. காய்ச்சல் என்று செல்வியிடம் சொல்லிச் சமாளித்தேன்.

முழங்கால் கதை அதற்குப் பல வருடம் பிந்தியது. இங்கே டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்கு ஊரே சேர்ந்து ஒரே இலக்கத்துக்குப் போன் பண்ண வேண்டும். காத்திருக்கச் சொல்லிக் காதில் வயலின் வாசிப்பார்கள். அதையெல்லாம் தாண்டி எனக்கு ஒரு நாள் கிடைத்தது. அன்று புறப்படும்போது கை தானாகத் துவாயை எடுத்தது. இத்தனை வருடத்தில் திருந்தியிருக்க வேண்டும்தான். ஆனால் டாக்டர் என்ற சொல்லைக் கேட்டால் என் தலை இன்னும் துவாய் கேட்கிறது. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த செல்வியும் தடுக்கவில்லை. முடிச்சு கோணலாக இருக்கிறது என்று சரிபண்ணி அனுப்பினாள்.

டாக்டர் சின்னப் பெண். நல்ல பெண். ஒரு தடவைக்கு ஒரு வருத்தம்தான் சொல்லலாம், பத்து நிமிடம்தான் என்று சுவரில் ஒட்டியிருந்தது. நான் உட்கார்ந்ததும் அவர் கண் துவாய்க்குப் போனது.

"தலைவலி அடிக்கடி வருமா?"

வராது. ஆனால் டாக்டர் கேட்கிறார். "ஆமாம் மேடம்" என்றேன்.

"பார்வை மங்குகிறதா?"

"கொஞ்சம் கொஞ்சம்."

"மறதி?"

"ஆமாம்." இது பொய்யில்லை. முழங்காலைப் பற்றிச் சொல்ல வந்ததையே மறந்துகொண்டிருந்தேன்.

பத்து நிமிடம் முடிந்தது. எழுந்தேன். முழங்கால் தன் குணத்தைக் காட்டியது. மேசையைப் பிடித்து, நொண்டி நொண்டி வாசல்வரை போனேன். டாக்டர் பின்னாலேயே ஓடி வந்தார். நடையும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று கணினியில் ஏற்றி, அவசரம் என்று போட்டுவிட்டார்.

அரசாங்க வைத்தியம் மெதுவானது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் தலைக்கு அது பறந்து வந்தது. அடுத்த வாரமே கூப்பிட்டு, பெரிய குழாய் மாதிரி இயந்திரத்துக்குள் என்னைத் தள்ளி, தலையை நாலாபக்கமும் படம் பிடித்தார்கள். முடிவும் உடனே வந்தது. மூளை மிக நல்ல நிலையில் இருக்கிறதாம். செல்வி அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "வேற யாரோட படமோ மாறிருச்சு போல" என்றாள்.

முழங்கால் அதற்குப் பிறகுதான் வரிசையின் வாலில் போய் நின்றது.

4

மச்சான் போன் பண்ணிய அடுத்த ஞாயிறு தோட்டத்தில் கூட்டம். "மாப்புள, அரசாங்கமே வைத்தியம் பாக்குற ஊர்ல இருக்கீங்க. நீங்க நாலு வார்த்தை வீடியோவுல பேசுங்க, சனம் கேக்கும்" என்றார்.

எனக்கும் பேசத்தான் ஆசை. டிஸ்பென்சரியில் துரையின் முகத்தைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பார்க்கிற ஒருவர் உட்கார வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே என் மனதில் இருப்பது. அதைவிட, உண்மையான டாக்டர் ஒருவர் அந்த மலைக்கு வந்தால் அக்காவின் காலை எப்படியாவது பார்த்துவிடுவார் என்று நினைத்தேன்.

மீராவிடம் யோசனை கேட்டேன். அவள் பள்ளிக்கூட விவாத அணியில் இருக்கிறாள். அவளுக்கும் அந்த வாரம் இதே தலைப்பில் போட்டி. வைத்தியத்தில் அரசாங்கம் இருக்க வேண்டுமா, விலக வேண்டுமா?

"நீ எந்தப் பக்கம்?"

"விலகணும் பக்கம். காசு சுண்டிப் பாத்தோம், அது வந்துச்சு."

"ஒனக்கு உண்மையில என்ன எண்ணம்?"

"அது தேவையில்லையேப்பா. எந்தப் பக்கம் வந்தாலும் பேசணும்."

எனக்குச் சங்கடமாக இருந்தது. எங்கள் தோட்டத்தில் கட்சி மாறியவனுக்குத் தண்ணீர் பிடிக்கும் பீலியில்கூட இடம் விடமாட்டார்கள். இவள் காசைச் சுண்டிக் கட்சி எடுக்கிறாள். ஆனாலும் பெரிய மனதோடு எனக்கு மூன்று குறிப்புத் தந்தாள். நான் அவளுக்கு ஒன்று தந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. போட்டியில் அவள் என் முழங்காலைப் பற்றி உருகி உருகிப் பேசி, நடுவரில் ஒருவர் மூக்கைச் சிந்த, கோப்பையோடு வந்தாள். அந்தக் கோப்பை இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. முழங்காலுக்கு இதுவரை அரசாங்கத்திடமிருந்து கிடைத்ததைவிட மீராவிடமிருந்து கிடைத்தது அதிகம்.

கூட்டம் கொழுந்து மடுவக் கொட்டகையில் நடந்தது. எல்லோருக்கும் தெரியட்டும் என்று கொழுந்து நிறுக்கும் தராசின் கொக்கியில் போனைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றடிக்க நான் மெதுவாகச் சுற்றினேன். கொஞ்ச நேரம் சனம் தெரியும், பிறகு சுவர், பிறகு ஒரு நாய், பிறகு மறுபடி சனம். சனம் வரும்போதெல்லாம் பேசினேன். அரசாங்கம் என்றால் படித்த டாக்டர், சரியான மருந்து, துரைக்குப் பயப்படாத வைத்தியம் என்று முழங்கினேன். கைதட்டினார்கள். மச்சான் பல் தெரியச் சிரித்தார்.

அப்போது அக்கா எழுந்தாள். பாக்கியம் அக்கா கொழுந்து பறிக்கிறதிலும் பேச்சிலும் இரண்டு கையும் ஓடுகிறவள்.

"தம்பி, நல்லாப் பேசுன. நான் ஒன்னே ஒன்னு கேக்குறேன். ஒன் மொழங்கால் ஆபரேசன் முடிஞ்சிருச்சா?"

அந்த நேரம் பார்த்து என் முகம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. யாரோ ஓடி வந்து போனைப் பிடித்துச் சனத்தின் பக்கமே நிறுத்தினார்கள்.

"இல்லக்கா. காத்துக்கிட்டிருக்கேன்."

"எத்தன நாளா?"

"ஒரு வருசமா."

மடுவமே சிரித்தது. நாய்கூடக் குரைத்தது.

"சரி, இந்த ஒரு வருசத்துல யாரு வாசல்லயாவது போயி ஒக்காந்தியா?"

"இங்க அப்படி ஒக்கார்றதுக்கு யாரு இருக்காக்கா?"

"அதத்தாண்டா நான் சொல்றேன்" என்று அக்கா சனத்தின் பக்கம் திரும்பினாள். "தொர கெட்டவனாவே இருக்கட்டும். அவன் பங்களா மேல தெரியுது. மருந்து இல்லைன்னா நூறு பொம்பளைங்க போயி வாசல்ல ஒக்காந்தா அவன் வெளிய வந்துதான் ஆகணும். கவர்மெண்டோட பங்களா எங்க இருக்கு? நாளைக்கு டாக்டர் வரலைன்னா எந்த வாசல்ல போயி ஒக்கார்றது? லொறி கேட்டா யாரு அனுப்புவா?"

மீரா தந்த மூன்று குறிப்பையும் அவசரமாகப் புரட்டினேன். என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மீரா, "அத்தை சூப்பர்" என்று மெதுவாகச் சொன்னாள்.

 அக்கா உட்காரப் போகும்போதுதான் பார்த்தேன். இடது கால் செருப்புக்குள் இல்லை. பழைய காலுறை மாட்டி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தாள். சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

கடைசியில் மச்சான் ஒரு சமாதானம் சொன்னார். அரசாங்க டாக்டர் ஒரு தடவை வந்து கிளினிக் நடத்தட்டும். பார்ப்போம். பிடித்தால் சரி என்போம், இல்லாவிட்டால் இருக்கிறது இருக்கட்டும். அக்காவும் ஒத்துக்கொண்டாள். எதிர்க்கட்சித் தலைவி என்பதால் முதல் நோயாளியாகத் தானே போய்ப் பார்ப்பதாகவும் அறிவித்தாள். என்ன வருத்தம் என்று போவாள் என்று மட்டும் சொல்லவில்லை.

5

கிளினிக் அன்று ஊரில் மதியம், எங்களுக்குக் காலைச் சாப்பாட்டு நேரம். மச்சான் போனைச் சட்டைப் பையில் வைத்து, கேமரா மட்டும் எட்டிப் பார்க்கிற மாதிரி விட்டிருந்தார். அக்காவுக்குத் தெரியாது. நானும் மீராவும் மேசையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம்.

அதே பச்சை அறை. மேசைக்குப் பின்னால் இளம் சிங்கள டாக்டர் பெண். அக்கா உள்ளே வந்தாள். கம்பளிச் சட்டை. காதை மூடி, தாடையில் முடிச்சுப் போட்ட துவாய். அது அடுப்புச் சூட்டோடு இருந்திருக்கும் என்று என்னால் சத்தியம் பண்ண முடியும்.

டாக்டர் துவாயைப் பார்த்தார். நான் போனுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"அம்மாவுக்குத் தலை வலியா?" நிதானமாக, பழகிய தமிழில் கேட்டார்.

"ஆமாங்க டாக்டர்" என்றாள் அக்கா, மிகுந்த நிம்மதியோடு. "தலைதாங்க. மண்டைய பொளக்குது."

நான் ‘ஆமாம்’ சொன்னது மரியாதைக்காக. அக்கா சொன்னது காலை ஒளிக்க. டாக்டர் எழுந்து அவள் நெற்றியைத் தொடப் போனார். மச்சான் பேசுவார் என்று பார்த்தேன். நான்கு துரைமாரை எதிர்த்த மனுசன் மூச்சு விடவில்லை. அவர் நெஞ்சு அடிப்பதில் படம் மட்டும் ஆடியது.

"கால்" என்று கத்தினேன். "தலை இல்ல டாக்டர், கால். காலைப் பாருங்க."

மீராவும் மேசையில் தட்டி இங்கிலீசில் கத்தினாள். பாலில் ஊறிய அவளுடைய காலைச் சாப்பாடு கவிழ்ந்தது.

டிஸ்பென்சரியில் எல்லோரும் திகைத்துச் சுற்றிப் பார்த்தார்கள். அக்கா மட்டும் மெதுவாகத் திரும்பித் தன் புருசனின் சட்டைப் பையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் இங்கிருந்தே நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

"யாரு பேசுறது?" என்றார் டாக்டர்.

"என் தம்பிங்க. சீமையில இருக்கான்" என்றாள் அக்கா. "அவன் தலையில ஒன்னுமே இல்லைன்னு அந்த ஊரு கவர்மெண்டே படம் புடிச்சுப் பாத்துச் சொல்லிருச்சு. நீங்க கண்டுக்காதீங்க."

வெளியே வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. அவர் மேசையைச் சுற்றி வந்து, அக்காவின் முன்னால் தரையில் குந்தினார்.

"அம்மா, காலைக் காட்டுங்க."

அக்கா காலைச் சேலைக்குள் இழுத்தாள். அவள் குரல் மாறிப் போயிற்று. எனக்குத் தெரிந்து அக்கா யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

"வெட்டிருவீங்களா?"

 வெட்ட மாட்டேன் என்று டாக்டர் பொய் சொல்லவில்லை. "பாக்காம எனக்குத் தெரியாது அம்மா. இன்னைக்குப் பாத்தா மருந்து இருக்கும். லேட்டா வந்தா மருந்து இல்ல, கத்தி மட்டும்தான் இருக்கும்."

அக்கா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாடையின் முடிச்சை அவிழ்த்து, துவாயை எடுத்து மடியில் போட்டு, காலை நீட்டினாள். அழுதாள். மச்சானும் அழுதார் போல, படம் குலுங்கியது. நானும் அழுதேன். கேள்வி கேட்காமல் மீரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் டாக்டர். அரசாங்க அம்புலன்ஸ் வேறு எங்கோ போயிருந்தது. மச்சான் பங்களாவுக்குப் போன் பண்ண, தோட்டத்து லொறி வந்தது. அரசாங்க டாக்டர் கம்பெனி லொறியில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து போனார். தொலைக்காட்சியில் சண்டை போடுகிற இரண்டு கோட்டுக்காரர்களையும் அந்த லொறியின் பின்னால் ஏற்றி, நம்முடைய ரோட்டில் ஒரு தடவை அனுப்பிப் பார்க்க எனக்கு ஆசை.

6

அக்காவின் கால் தப்பியது. சுண்டுவிரல் மட்டும் போனது. "போகட்டும், அத வச்சா கொழுந்து கிள்ளப் போறேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மறுபடி மடுவத்தில் கூட்டம். இந்தத் தடவை நான் கொக்கியில் தொங்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை. டிஸ்பென்சரியை அரசாங்கம் எடுக்கலாம் என்று அக்காவே சொன்னாளாம். மூன்று நிபந்தனையோடு. டாக்டர் தோட்டத்துக் குவார்ட்டசிலேயே தங்க வேண்டும். லொறி தோட்டத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, மருந்து வராவிட்டால் எந்த வாசலில் போய் உட்கார வேண்டும் என்று பெயரும் விலாசமும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டையும் யோசிக்கிறோம் என்றார்களாம். மூன்றாவதற்கு இன்னும் பதில் வரவில்லை. மச்சானுக்குப் பிளேன்டீ மட்டும் வந்துவிட்டது.

போன வாரம் அக்கா வீடியோவில் வந்தாள். சுகம் விசாரிக்கும் முன்பே காலைத் தூக்கிக் கேமராவுக்கு முன்னால் காட்டினாள். நான்கு விரல் ஆடின. மீரா கைதட்டினாள்.

"ஒன் மொழங்கால்?" என்றாள்.

"வரிசையில இருக்குக்கா."

"ஆமா, மொழங்காலுக்குத்தானே போன? தலைய எதுக்குடா படம் புடிச்சாங்க? அது மட்டும் எனக்கு இன்னும் வெளங்கல."

செல்வியையும் மீராவையும் தவிர ஒருவருக்கும் சொல்லாத விசயம். சொன்னேன். துவாயைச் சொன்னேன், முடிச்சைச் செல்வி சரிபண்ணியதைச் சொன்னேன், டாக்டர் கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டதைச் சொன்னேன்.

அக்கா சிரித்தாள். போனை யாரிடமோ கொடுத்துவிட்டுச் சிரித்தாள். லயத்து வாசலுக்குப் போய் அடுத்த வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லி, அவர்களோடு சேர்ந்தும் சிரித்தாள். திரும்பி வந்தபோது சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கூறுகெட்டவனே" என்றாள். "அடுத்த தடவ போறப்ப மொழங்கால்ல கட்டிட்டுப் போ."

போன் வைத்த பிறகு செல்வி உள்ளே போய்த் துவாயை எடுத்து வந்தாள். என் காலை முக்காலியில் தூக்கி வைத்து, முழங்காலைச் சுற்றிக் கட்டி, முடிச்சைச் சரிபார்த்தாள். அது கதகதப்பாக இருந்தது. அவள் அதை அடுப்பில் காட்டித்தான் எடுத்து வந்திருந்தாள்.